சி. பி. இராமசுவாமி ஐயர்

சர் சேத்துப்பட்டு பட்டாபிராம இராமசுவாமி ஐயர் (நவம்பர் 12, 1879 - செப்டம்பர் 26, 1966) தமிழகத்தைச் சேர்ந்த வழக்கறிஞர், அரசியலாளர், ஆட்சியாளர் ஆவார். சர் சி. பி. என்றும் சி. பி. என்றும் பரவலாக அறியப்பட்டவர். சென்னை மாகாண ஆளுநரின் நிர்வாகக் குழுவில் 1923 முதல் 1928 வரை சட்ட உறுப்பினராகவும், திருவிதாங்கூர் சமத்தானத்தில் 1936 முதல் 1947 வரை திவானாகவும் பணியாற்றினார். தென்னிந்தியாவின் தொடக்ககால நீர்மின் திட்டங்களான பைக்காரா, பள்ளிவாசல் ஆகிய இரண்டுடனும் ஆட்சிப் பொறுப்பில் இருந்து தொடர்பு கொண்டவர் இவர். கம்பம் பள்ளத்தாக்கில் பாயும் பெரியாற்று நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கச் சென்னை மாகாணத்துக்கு உரிமை உண்டா என்ற வழக்கில் திருவிதாங்கூர் தரப்பில் நின்று வென்றவரும் இவரே.

பிறப்பும் கல்வியும்

இராமசுவாமி ஐயர் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் வந்தவாசியில் பிறந்தார். தந்தை பட்டாபிராம ஐயர் நீதித்துறையில் பணியாற்றியவர். இராமசுவாமி ஐயர் சென்னை இராயப்பேட்டை வெசுலி பள்ளியிலும், பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். ஆங்கில இலக்கியத்தில் மிகுந்த ஈடுபாடு உடைய இவர் கல்லூரி ஆசிரியராக விரும்பினார். ஆனால் தந்தையின் விருப்பப்படி சென்னை சட்டக் கல்லூரியில் சேர்ந்து சட்டம் படித்தார். 1895 ஆம் ஆண்டு சீதம்மாளை மணந்தார். இவர்களுக்கு மூன்று ஆண் மக்கள். மூத்தவரான சி. ஆர். பட்டாபிராமன் பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் நடுவண் அமைச்சராகவும் விளங்கினார்.

வழக்கறிஞர் பணி

1903 ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். குறுகிய காலத்திலேயே மாகாணத்தின் முன்னணி வழக்கறிஞர்களுள் ஒருவரானார். இவருக்குப் பெரும்புகழ் தந்த வழக்குகளுள் ஒன்று, ஜே. கிருஷ்ணமூர்த்தியும் அவர் தம்பியும் யாருடைய பாதுகாப்பில் இருக்க வேண்டும் என்பது குறித்து 1912 ஆம் ஆண்டில் தொடங்கிய வழக்காகும். இதில் சிறுவர்களின் தந்தை நாராயணய்யாவுக்காக அன்னி பெசண்ட் அம்மையாருக்கு எதிராக வாதாடினார். உயர் நீதிமன்ற நீதிபதிப் பதவி இவரைத் தேடி வந்தபோது அதை ஏற்க மறுத்து, வழக்கறிஞர் தொழிலையும் பொதுவாழ்வையும் தொடர்ந்தார்.

அரசியல் ஈடுபாடு

நீதிமன்றத்தில் எதிர்த்து வாதாடிய அன்னி பெசண்ட் அம்மையாரின் தன்னாட்சி இயக்கத்தில் சில ஆண்டுகளிலேயே இராமசுவாமி ஐயர் முக்கியப் பங்காளியானார். 1917 ஆம் ஆண்டு அம்மையார் காங்கிரசின் தலைவரான காலத்தில் இவர் அகில இந்தியக் காங்கிரசின் செயலாளர்களுள் ஒருவராக இருந்தார். காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தில் இவருக்கு உடன்பாடு இல்லை. சட்டமன்றங்களுக்குள்ளும் அரசுப் பதவிகளிலும் இருந்தே நாட்டை வளர்க்க இயலும் என்பது இவரது நிலைப்பாடு. இதனால் காங்கிரசிலிருந்து விலகினார். 1920 ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் தலைமை வழக்கறிஞராக அமர்த்தப்பட்டார். இவரது அரசுப் பணி இங்கிருந்து தொடங்குகிறது.

சென்னை மாகாண அரசில்

1919 ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி மாகாணங்களில் இரட்டை ஆட்சி முறை நடைமுறைக்கு வந்தது. கல்வி, உள்ளாட்சி போன்ற துறைகள் சட்டமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் தரப்பட்டன. காவல், நிதி, பாசனம் போன்ற ஒதுக்கப்பட்ட துறைகளை ஆளுநரும் அவரது நிர்வாகக் குழுவும் வைத்துக்கொண்டனர். 1923 ஆம் ஆண்டு இக்குழுவில் சட்ட உறுப்பினராகச் சேர்ந்த இராமசுவாமி ஐயரிடம் சட்டம், ஒழுங்கு ஆகியவற்றுடன் பாசனம், துறைமுகம், மின்சாரம் ஆகிய பொறுப்புகளும் வந்து சேர்ந்தன.

மேட்டூர் அணை

காவிரி நீரைப் பகிர்வது குறித்துச் சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமத்தானத்துக்கும் பல ஆண்டுகளாக இருந்த பூசல், 1924 ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஏற்பட்ட உடன்படிக்கையால் தீர்ந்தது. மைசூர் கண்ணம்பாடியிலும் சென்னை மேட்டூரிலும் தத்தம் அணைகளைக் கட்டிக்கொள்ள இது வழி வகுத்தது. இவ்வுடன்படிக்கை உருவான காலத்தில் பாசனத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் இராமசுவாமி ஐயர். மேட்டூர் அணையின் கட்டுமானம் 1925 இல் தொடங்கி 1934 இல் நிறைவுற்றது. முதன்மையாகத் தஞ்சைப் பகுதியின் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட இவ்வணையில் 1937 ஆம் ஆண்டு மின் உற்பத்தியும் தொடங்கியது.

பைக்காரா நீர்மின் திட்டம்

சென்னை மாகாணத்தில் அக்காலத்தில் நிலக்கரி வெட்டி எடுக்கப்படவில்லை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் ஏற்பட்டது 1950களுக்குப் பின்னரே. ஆலைகளுக்கும் தொடர்வண்டிகளுக்கும் தேவையான கரி வங்காளம் போன்ற தொலைவிடங்களிலிருந்து வந்தது. கரியின் விலையை விட அதைக் கொண்டு வரும் செலவு பெருஞ்சுமையாக இருந்தது. மறுபுறம், மேற்கு மலைத்தொடரில் பெருமழை பெய்து, ஆறுகள் மிகுந்த உயரத்திலிருந்து வீழ்ந்தன. வீழும் நீரைக் குழாய்களில் அடைத்துச் சுழலிகளை இயக்கினால் கரியின்றி மின்சாரம் பெறலாம். மைசூர் சமத்தானம் 1902 ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்தில் இதைச் செய்து காட்டி, கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பியது.

நீலகிரியின் பைக்காரா ஆற்றைப் பயன்படுத்தும் எண்ணம் முன்பே இருந்தது. ஆனால் முதலீடு பெரிது என்பதாலும், உற்பத்தியாகும் மின்சாரத்தை வாங்குவோர் இருப்பார்களா என்ற ஐயத்தாலும் திட்டம் தள்ளிப்போயிற்று. இராமசுவாமி ஐயர் இத்திட்டத்தை அரசே மேற்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தி, எதிர்ப்புகளுக்கு இடையே முன்னெடுத்தார். மாகாண அரசின் மின்துறை 1927 ஆம் ஆண்டு அமைந்தது. அதன் முதல் தலைமைப் பொறியாளர் என்றி ஓவார்டு. இராமசுவாமி ஐயர் 1928 இல் பதவிக் காலத்தை முடித்தார். அதற்கு அடுத்த ஆண்டு கட்டுமானம் தொடங்கியது. சுமார் 3,000 அடி உயரத்திலிருந்து நீரை இறக்கிய பைக்காரா மின்நிலையம் 1932 இல் இயங்கத் தொடங்கியது.

மின்சாரத்தை வாங்குவோர் உண்டா என்ற ஐயத்தைக் கோயம்புத்தூர் தீர்த்தது. பைக்காரா மின்சாரம் வந்த பின் அங்கு நூற்பாலைகள் பெருகின. ஆழ்கிணறுகளில் மாடுகளைப் பூட்டி இறைத்த கவலைக்குப் பதிலாக மின்சார இறைவைப் பொறிகள் இடம்பிடித்தன. பருத்தி விளைந்த நாடு ஆலை நகரமாக மாறியதில் இத்திட்டத்தின் பங்கு முதன்மையானது.

நடுவண் அரசில்

இராமசுவாமி ஐயர் 1926, 1927 ஆம் ஆண்டுகளில் செனீவாவில் நாடுகளின் சங்கக் கூட்டங்களுக்கு இந்தியப் பேராளராகச் சென்றார். இலண்டன் வட்டமேசை மாநாடுகளிலும் கலந்துகொண்டார். 1931 இல் அரசப் பேராளரின் நிர்வாகக் குழுவில் தற்காலிகச் சட்ட உறுப்பினராகவும், 1932 இல் வணிக உறுப்பினராகவும் பணியாற்றினார். 1942 ஆகத்தில் அதே குழுவில் தகவல் துறை உறுப்பினராகச் சேர்ந்து, சில வாரங்களுக்குள் விலகினார்.

திருவிதாங்கூர் திவான்

திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற 1931 ஆம் ஆண்டிலேயே இராமசுவாமி ஐயர் அவருக்குச் சட்ட, அரசியலமைப்பு ஆலோசகரானார். 1936 அக்டோபரில் திவானாகப் பதவியேற்றார். அடுத்த மாதம், நவம்பர் 12 அன்று, அரசின் ஆளுகைக்கு உட்பட்ட கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்ட கோயில் நுழைவு அறிவிப்பு வெளியிடப்பட்டது. 1937 இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் தோற்றுவிக்கப்பட்டது. 1938 இல் அரசு பேருந்துப் போக்குவரத்து தொடங்கியது. 1944 இல் மரண தண்டனை நீக்கப்பட்டது.

பள்ளிவாசல் நீர்மின் திட்டம்

பெரியாற்றின் துணையாறான முதிரப்புழையின் நீரைக் கொண்டு மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில் மின்சாரம் எடுக்கும் பணி 1935 ஆம் ஆண்டில் தொடங்கியது. இவ்விடம் போடிநாயக்கனூருக்கு மேற்கே மலைத்தொடரின் மறுபக்கத்தில் உள்ளது. இன்றைய கேரள மாநிலத்தின் முதல் நீர்மின் நிலையம் இதுவே. ஒவ்வொன்றும் 4.5 மெகாவாட் திறனுள்ள மூன்று பொறிகளுடன், மொத்தம் 13.5 மெகாவாட் திறனில், 1940 மார்ச்சு 19 அன்று இயங்கத் தொடங்கியது.

சென்னையில் மின்சாரம் வந்த பின் தொழில்கள் தாமாக வந்தன. திருவிதாங்கூரில் திவான் தொழில்களையும் சேர்த்தே திட்டமிட்டார். மின்சாரத்தை மிகுதியாக உண்ணும் தொழில்கள் ஆலுவாவைச் சுற்றி அழைத்து வரப்பட்டன. இந்தியன் அலுமினியம் நிறுவனம் 1943 ஆம் ஆண்டு அங்கு உருக்காலை தொடங்கி, இந்தியாவிலேயே முதன்முதலாக அலுமினிய உலோகத்தை உற்பத்தி செய்தது. அதே ஆண்டு சேஷசாயி சகோதரர்களின் முயற்சியால் பாக்ட் எனப்படும் திருவிதாங்கூர் உர, இரசாயன நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1947 இல் உர உற்பத்தி தொடங்கியது. நிலக்கரியோ எண்ணெயோ இல்லாத நாட்டில் அம்மோனியா செய்வதற்கு வேண்டிய வளிமத்தை விறகிலிருந்து எடுத்தது இவ்வாலையின் தனித்தன்மை. கடற்கரை மணலிலிருந்து வண்ணப்பூச்சுக்கு வேண்டிய டைட்டானியம் ஆக்சைடைப் பிரிக்கும் நிறுவனம் 1946 இல் திருவனந்தபுரத்தில் அமைந்தது.

பெரியாற்று நீரும் மின்சாரமும்

முல்லைப் பெரியாறு அணைக்கான குத்தகை உடன்படிக்கை திருவிதாங்கூருக்கும் சென்னை அரசுக்கும் இடையே 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தானது. குத்தகைக் காலம் 999 ஆண்டுகள். நீர் தேங்கும் நிலத்துக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை. பென்னிகுயிக் தலைமையில் கட்டப்பட்ட அணை 1895 இல் திறக்கப்பட்டது. அரபிக்கடலுக்குச் சென்றுகொண்டிருந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியாகக் கிழக்கே திருப்பப்பட்டு, கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகையில் சேர்ந்தது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம் வயல்களும், மதுரைக்கு அப்பாலுள்ள வயல்களும் இதனால் பயன் பெற்றன.

சுரங்கவழியிலிருந்து பள்ளத்தாக்கின் தரைவரை நீர் செங்குத்தான சரிவில் இறங்கியது. பைக்காராவின் வெற்றிக்குப் பின் சென்னை அரசின் கவனம் இச்சரிவின் மேல் திரும்பியது. மின் உற்பத்தியில் நீர் செலவாவதில்லை. சுழலியைச் சுற்றிவிட்டு அதே நீர் பாசனத்துக்குச் செல்லும். ஆகவே உழவருக்கு இழப்பின்றி மின்சாரம் கிடைக்கும் என்பது சென்னையின் எண்ணம். குத்தகையால் நீர் முழுவதும் தனக்கு உரியதாகிவிட்டதால் அதை எவ்வகையிலும் பயன்படுத்தலாம் என்று சென்னை வாதிட்டது. குத்தகை பாசனத்துக்காக மட்டுமே தரப்பட்டது, வேறு பயன்பாட்டுக்குத் தனி இசைவு வேண்டும் என்பது திருவிதாங்கூரின் வாதம்.

உடன்படிக்கையில் இருந்தபடி பூசல் நடுவர்களிடம் சென்றது. இருவரும் மாறுபட்ட முடிவுக்கு வந்ததால், வங்காளத்தைச் சேர்ந்த சர் நளினி ரஞ்சன் சாட்டர்சி இறுதித் தீர்ப்பாளராக அமர்த்தப்பட்டார். திருவிதாங்கூரின் தரப்பைத் திவான் இராமசுவாமி ஐயர் முன்னின்று நடத்தினார். சென்னை அரசின் பாசனத்தையும் மின்சாரத்தையும் ஐந்து ஆண்டுகள் கையில் வைத்திருந்தவர், அதே அரசின் மின் திட்டத்துக்கு எதிராக நின்றார். 1941 இல் வந்த தீர்ப்பு திருவிதாங்கூருக்குச் சாதகமாக அமைந்தது. பெரியாற்று நீரைப் பாசனத்துக்கு அன்றி மின் உற்பத்திக்குப் பயன்படுத்தச் சென்னைக்கு உரிமை இல்லை என்று முடிவாயிற்று.

இதன் விளைவாக மேலும் பல ஆண்டுகள் நீர் மின்சாரம் தராமலே மலையிறங்கியது. விடுதலைக்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சி அரசுடன் நடந்த பேச்சுகளின் அடிப்படையில், லோயர் கேம்பில் பெரியாறு மின்நிலையம் கட்டப்பட்டு 1958 ஆம் ஆண்டு முதல் படிப்படியாக இயங்கத் தொடங்கியது. 1965 இல் நான்கு பொறிகளும் சேர்ந்து அதன் திறன் 140 மெகாவாட்டாக இருந்தது. கம்பத்திலிருந்து குமுளி செல்லும் மலைச்சாலையில் காணப்படும் பெரிய இரும்புக் குழாய்கள் இந்நிலையத்துக்கு நீர் கொண்டு செல்பவை. 1970 மே மாதம் தமிழகமும் கேரளமும் செய்துகொண்ட துணை உடன்படிக்கை மின் உற்பத்திக்கு முறையான இசைவு அளித்தது. நில வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தப்பட்டதுடன், உற்பத்தியாகும் மின்சாரத்துக்குத் தனிக் கட்டணமும் வகுக்கப்பட்டது. மின்சாரத்துக்குத் தனி இசைவும் தனி விலையும் வேண்டும் என்ற 1941 ஆம் ஆண்டு வாதமே இவ்வாறு உடன்படிக்கையாக மாறியது.

தோரியமும் அணு ஆற்றலும்

திருவிதாங்கூரின் கடற்கரையில், குறிப்பாக மணவாளக்குறிச்சியிலும் சவறையிலும், மோனசைட்டு என்னும் கனிமம் கலந்த மணல் மிகுந்துள்ளது. 1909 இல் செருமானிய வேதியியலாளர் ஒருவர் இதைக் கண்டறிந்தார். மோனசைட்டில் உள்ள தோரியம் முதலில் எரிவளி விளக்குகளின் வலைகளுக்குப் பயன்பட்டது. 1945 இல் அணுகுண்டு வெடித்த பின் அது அணு எரிபொருளுக்கான மூலப்பொருளாக மதிப்புப் பெற்றது.

இம்மாற்றத்தை விரைந்து உணர்ந்தவர்களுள் திவானும் ஒருவர். மணலை அப்படியே ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, அதைப் பதப்படுத்தும் ஆலை திருவிதாங்கூரிலேயே அமைய வேண்டும் என்று வற்புறுத்தினார். இதற்காக 1947 இல் பிரித்தானிய அரசுடன் உடன்பாட்டுக்கு முயன்றார். விடுதலையை எதிர்நோக்கியிருந்த இந்தியாவின் இடைக்கால அரசு, அணுப் பொருள்கள் ஒரு சமத்தானத்தின் விருப்பப்படி வெளிநாட்டுக்குச் செல்வதை ஏற்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் அணுவாற்றல் சட்டம் இப்பொருள்களை நடுவண் அரசின் கட்டுப்பாட்டில் வைத்தது. 1950 இல் இந்திய அருமண் நிறுவனம் ஏற்பட்டு, 1952 இல் ஆலுவாவில் மோனசைட்டுப் பதப்படுத்தும் ஆலை இயங்கத் தொடங்கியது.

எதிர்ப்பும் பதவி விலகலும்

தொழில் வளர்ச்சிக்கு இணையாக இவரது ஆட்சியின் அடக்குமுறையும் பேசப்படுகிறது. பொறுப்பாட்சி கோரிய திருவிதாங்கூர் மாநிலக் காங்கிரசு 1938 இல் தடை செய்யப்பட்டது. அதன் தலைவர்கள் சிறைப்பட்டனர். அவ்வாண்டு மலையாள மனோரமா நாளிதழ் மூடப்பட்டது. திருவிதாங்கூர் தேசிய, குயிலோன் வங்கி வீழ்ந்து, அதன் நிர்வாகிகள் தண்டிக்கப்பட்டதில் திவானின் பங்கு குறித்துக் கடும் குற்றச்சாட்டுகள் எழுந்தன.

1946 இல் திவான் முன்வைத்த அரசியலமைப்பு, மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்தால் நீக்க முடியாத நிர்வாகத் தலைமையைக் கொண்டிருந்தது. இதற்கு எதிராகப் பொதுவுடைமைக் கட்சியின் தலைமையில் ஆலப்புழைப் பகுதிக் கயிற்றுத் தொழிலாளரும் வேளாண் தொழிலாளரும் கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் புன்னப்புரை, வயலார் ஆகிய இடங்களில் படையினர் சுட்டதில் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர்.

1947 சூனில், பிரித்தானியர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனிநாடாக இருக்கும் என்று திவான் அறிவித்தார். மின்சாரம், உரம், அலுமினியம், கடற்கரைக் கனிமம் ஆகியவை உள்ள நாடு தனித்து நிற்க இயலும் என்ற நம்பிக்கை இதற்குத் துணையாயிற்று. மக்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. சூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி விழாவிலிருந்து புறப்பட்டபோது, கே. சி. எஸ். மணி என்பவரால் வெட்டப்பட்டு முகத்திலும் கழுத்திலும் காயமடைந்தார். சில நாட்களில் மன்னர் இந்திய ஒன்றியத்தில் இணைய ஒப்புக்கொண்டார். இராமசுவாமி ஐயர் 1947 ஆகத்து 19 அன்று பதவி விலகித் திருவிதாங்கூரை விட்டு நீங்கினார்.

பிற்காலம்

பின்னர் வெளிநாடுகளில் பயணம் செய்து சொற்பொழிவுகள் ஆற்றினார். 1950களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தராக இருந்தார். இந்திய அரசு அமைத்த இந்து சமய அறநிலைய ஆணையத்துக்கு 1960 முதல் 1962 வரை தலைமை தாங்கினார். 1966 செப்டம்பர் 26 அன்று இலண்டனில் காலமானார். அப்போது அவருக்கு வயது 86.

சென்னை ஆழ்வார்ப்பேட்டையில் இவர் வாழ்ந்த இல்லத்தில் இவர் பெயரில் அறக்கட்டளை ஒன்று செயல்படுகிறது. நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகத்துடன் இணைந்து இவ்வறக்கட்டளை 1989 இல் சுற்றுச்சூழல் கல்வி மையம் ஒன்றைத் தோற்றுவித்தது.

மதிப்பீடு

இராமசுவாமி ஐயர் பொறியாளர் அல்லர். பைக்காராவையும் பள்ளிவாசலையும் வரைந்து கட்டியவர்கள் பொறியாளர்களும் மலைச்சரிவில் உழைத்த தொழிலாளர்களுமே. இவரது பங்கு வேறு வகையானது. பிற அரசுகளுடன் உடன்படிக்கை செய்தல், அரசு நிதியை நெடுங்காலத் திட்டத்தில் இடச் செய்தல், மின்சாரம் வருமுன்னரே அதை வாங்கும் தொழில்களைத் தேடுதல், நீரின் மேலும் மணலின் மேலும் உள்ள உரிமையைச் சட்டவழியில் நிலைநாட்டுதல் ஆகியவையே இவர் கையாண்ட கருவிகள். நீர்மின்சாரத்தை இவர் நாடியதற்குக் காரணம் இன்று பேசப்படும் புவி வெப்பமாதல் அன்று. தென்னாட்டில் கரி இல்லாமையே.

எந்த அரசில் இருந்தாரோ அந்த அரசின் நலனுக்காக முழுத் திறமையுடன் நின்றது இவரது வலிமையாகக் கருதப்படுகிறது. அதுவே இவரது எல்லையாகவும் அமைந்தது. மலையின் இருபுறமும் தமிழரும் மலையாளிகளும் ஒரே மழையை நம்பி வாழ்ந்தபோதிலும், பெரியாற்று நீர் எந்த அரசின் உரிமை என்ற கேள்வியாகவே வழக்கு நடந்தது. ஆற்றலுக்கான வளங்களைப் பெருக்கிய அதே ஆட்சி, அந்நாட்டு மக்களுக்குப் பொறுப்பாட்சியைத் தர மறுத்தது. இவர் தொடங்கிய மின்திட்டங்களும் தொழிற்சாலைகளும் நிலைத்தன. இவர் விரும்பிய தனித் திருவிதாங்கூர் நிலைக்கவில்லை.